பட்டையிலிருந்து படம் வரை

மெக்சிகோவின் புயேப்லா மாநிலத்தில், மேகம் இறங்கி ஈரம் சொட்டும் வடக்கு மலைத்தொடரின் சரிவொன்றில் இருக்கிறது சான் பப்லிட்டோ. ஒட்டோமி மக்களின் ஊர். தெருவில் நடக்கிறவருக்கு ஆளைப் பார்ப்பதற்கு முன்பே சத்தம் கேட்டுவிடும். டக், டக், டக் என்று கல்லால் பலகையில் தட்டுகிற ஓசை. ஒரு வீட்டில் ஓய்ந்தால் அடுத்த வீட்டில் தொடங்கும். பெண்கள், ஆண்கள், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் என்று குடும்பமே உட்கார்ந்து தட்டும். அப்படித் தட்டி எடுப்பது காகிதம். அதன் பெயர் அமாத்தே.

மெக்சிகோவுக்குப் போய்வந்தவர்கள் வீட்டுச் சுவரில் இதைப் பார்த்திருக்கலாம். பழுப்பு நிறம், பிசிறு பிசிறான ஓரம், அதன்மேல் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் பறவைகள், மான்கள், கொடிகள், பூக்கள். ஓர் அங்குலம்கூட வெற்றிடம் விடாமல் நிரம்பிய படம். விமான நிலையக் கடைகளிலும் கடற்கரைச் சந்தைகளிலும் சுருட்டிக் கட்டி விற்கிறார்கள். வாங்குகிறவர் பறவைக்காகத்தான் வாங்குகிறார். ஆனால் அந்தப் பறவைக்கு வயது அறுபது சொச்சம். அது உட்கார்ந்திருக்கும் காகிதத்தின் குலத்துக்கோ ஏறக்குறைய 2000 ஆண்டு. காகிதத்தையும் படத்தையும் செய்கிறவர்கள் வேறு வேறு இனத்தவர், வேறு வேறு மொழி பேசுகிறவர்கள், வேறு வேறு மலைகளில் வாழ்கிறவர்கள். மெக்சிகோவின் சுவர் அலங்காரங்களில் இவ்வளவு கதையை ஒரே தாளில் சுமக்கும் இன்னொன்றைக் காண்பது அரிது.

முதலில் காகிதம் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கலாம்.

பழங்காலத்தில் இதற்கு ஏற்ற மரம் அத்திக் குடும்பத்து மரங்கள்தான். நம் ஆலும் அரசும் அத்தியும் சேர்ந்த அதே பைக்கஸ் பேரினம். சான் பப்லிட்டோவில் ஹலாமா என்று அழைக்கும் காட்டத்தி அவற்றில் ஒன்று. வெளுப்பான தாள் வேண்டுமென்றால் மொரால் என்ற மல்பெரி இன மரம். இன்று பெரும்பாலும் பயன்படுவது ஹொனோட்டே என்ற, சீக்கிரம் வளரும் வேறொரு மரம். பட்டையை உரித்து, வெளிப்புறச் சொரசொரப்பை நீக்கிவிட்டு உட்பட்டையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். மழைக்காலம் நெருங்கி மரத்தில் நீரோட்டம் ஏறும்போது பட்டை சுலபமாகக் கழன்று வரும். பச்சையாகவும் பயன்படுத்தலாம், காயவைத்துச் சேமித்தும் பயன்படுத்தலாம்.

அடுத்து வேகவைத்தல். பெரிய அண்டாவில் நீரூற்றி, சாம்பலோ சுண்ணாம்போ போட்டுப் பட்டையை மணிக்கணக்காகக் கொதிக்கவிடுவது பழைய முறை. மெக்சிகோவில் தோர்த்தியா ரொட்டிக்காக மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைப்பார்கள். அந்தச் சோளம் வெந்த நீரையே பட்டை வேகவைக்கவும் எடுத்துக்கொண்டதுண்டு. காரம் நாரைப் பிடித்திருக்கும் பசைப்பொருளை இளக்கிவிடுகிறது. வெந்த பட்டையை நன்றாக அலசினால் நீளநீளமான நார்கள் கையில் வரும்.

அந்த ஈர நார்களைப் பலகையின் மேல் அடுக்குவதில்தான் கைத்திறன் இருக்கிறது. முதலில் நாலு ஓரத்துக்கும் நாலு கோடு. பிறகு உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக நார். பார்ப்பதற்கு ஓட்டை ஓட்டையான வலையாகத் தெரியும். இது எப்படித் தாளாகும் என்று சந்தேகம் வரும். அப்போது கல் இறங்குகிறது. எரிமலைப் பாறையில் செதுக்கிய, சோப்புக்கட்டி அளவேயான கல். விரலும் கட்டைவிரலும் பிடிக்க இரு பக்கமும் பள்ளம் இருக்கும். ஓரத்திலிருந்து தொடங்கி ஒரே சீராகத் தட்டிக்கொண்டு வந்தால் நார் நசுங்கிப் பரவுகிறது; பக்கத்து நாரோடு பின்னிக்கொள்கிறது; ஓட்டைகள் மூடிக்கொள்கின்றன. பசை எதுவும் சேர்ப்பதில்லை. நாரில் மிச்சமிருக்கும் இயற்கையான பிசுபிசுப்பே ஒட்டவைத்துவிடுகிறது. மேற்பரப்பை வழவழப்பாக்க ஆரஞ்சுப் பழத்தோலால் தேய்ப்பார்கள். பிறகு பலகையோடு தூக்கி வெயிலில் சாய்த்து வைத்தால் வேலை முடிந்தது. காய்ந்ததும் பலகையிலிருந்து உரித்து எடுக்கலாம். 40-க்கு 60 சென்டிமீட்டர் என்பது பரவலாகச் செய்யும் அளவு.

ஆலைக் காகிதத்துக்கும் இதற்கும் அடிப்படையிலேயே வித்தியாசம் உண்டு. ஆலையில் நாரைக் கூழாக்கி, நீரில் மிதக்கவிட்டுச் சல்லடையில் அள்ளுகிறார்கள். அமாத்தேயில் கூழ் என்ற கட்டமே கிடையாது. நார் முழு நீளத்தோடு தாளுக்குள் கிடக்கிறது. அதனால்தான் அது சட்டென்று கிழிவதில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உள்ளே அந்தக் கட்டங்களின் தடம் அங்கங்கே தெரியும். கைவேலைத் தாள்தானா என்று கண்டுகொள்ள இதைவிடச் சுலபமான சோதனை இல்லை.

இந்த நுட்பம் எவ்வளவு பழையது? ஹலிஸ்கோ மாநிலத்தின் ஹுயிட்சிலாப்பா என்ற இடத்தில் ஒரு கல்லறையில் கிடைத்த, கசங்கிய பட்டைக் காகிதத் துண்டுக்குக் கி.பி. 75 வாக்கில் காலம் கணித்திருக்கிறார்கள். மாயா மக்களின் சுவடிகளும் அத்திப் பட்டைக் காகிதத்தில் எழுதப்பட்டவையே. மேலே சுண்ணப்பூச்சு பூசி, விசிறிபோல மடித்து, இரண்டு பக்கமும் எழுதினார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் உள்ள சுவடியை விரித்தால் சுமார் மூன்றரை மீட்டர் நீளம். வெள்ளிக் கோளின் உதயமும் கிரகணங்களும் அதில் கணக்கிடப்பட்டிருக்கின்றன. இன்று உலகில் மிஞ்சியிருக்கும் மாயா சுவடிகள் நாலே நாலு. 1562இல் யுகாட்டானின் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் தீயில் போட்டவை போக மிஞ்சியவை அவை.

அஸ்டெக் பேரரசில் காகிதம் கப்பப் பொருள். இன்றைய மொரேலோஸ் மாநிலப் பகுதியிலிருந்த ஊர்கள் தலைநகருக்கு அனுப்பிய காகிதத்தைக் கப்பப் பட்டியல்களிலிருந்து கூட்டினால் ஆண்டுக்கு 4,80,000 தாள் வருகிறது. இவ்வளவு தாளும் எழுதுவதற்கு அல்ல. கணிசமான பகுதி தெய்வங்களுக்குப் போனது. தாளில் உருகிய ரப்பரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் புள்ளியிட்டுக் காணிக்கை ஆக்கினார்கள். தெய்வ உருவங்களுக்குக் காகித ஆடை உடுத்தினார்கள். கொடியும் தோரணமும் கட்டினார்கள். 1570களில் ஸ்பெயின் மன்னர் அனுப்பிய மருத்துவர் பிரான்சிஸ்கோ ஹெர்னாண்டஸ், டெபோஸ்ட்லானில் ஆட்கள் கூட்டமாக இந்தத் தொழிலில் இருந்ததைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். கிளையை இரவெல்லாம் நீரில் ஊறப்போட்டுப் பட்டை உரித்து, கல்லால் தட்டினார்களாம். இன்றைய சான் பப்லிட்டோவின் வேலையும் ஏறத்தாழ அதுதான்.

சடங்கோடு இவ்வளவு நெருக்கமாக இருந்ததுதான் அமாத்தேக்கு வினையாக வந்தது. ஸ்பானியப் பாதிரியார்களின் கண்ணில் இது பழைய தெய்வ வழிபாட்டுக் கருவி. தயாரிப்பைத் தடை செய்தார்கள். அலுவலகத் தேவைக்கு ஐரோப்பியக் காகிதம் கப்பலில் வந்தது. நூறு இருநூறு ஆண்டுகளில் ஒரு பெரும் தொழில் ஏறக்குறைய அடியோடு அழிந்தது.

ஏறக்குறையதான், முழுதாக அல்ல. எளிதில் போக முடியாத மலைமடிப்புகளில், ஒட்டோமி வைத்தியர்கள் காகிதத்தை விடவில்லை. அவர்களுக்கு அது எழுதும் பொருள் அல்ல, மருந்து. தாளை இரண்டாக மடித்து, கத்தியாலோ கத்தரியாலோ வெட்டி விரித்தால் ஓர் உருவம் எழும்பும்: கையைத் தூக்கி நிற்கும் மனித வடிவம். விலாவிலிருந்து சோளக்கதிர் முளைத்திருந்தால் அது மக்காச்சோளத்தின் ஆவி. தக்காளி தொங்கினால் தக்காளியின் ஆவி. மிளகாய், அவரை, வாழை, காப்பி என்று விளைகிற எல்லாவற்றுக்கும் உருவம் உண்டு. விளைச்சல் நன்றாக இருக்க, நோய் விலக, வீட்டைக் காக்க இவற்றை வைத்துச் சடங்கு நடக்கும். வெளிர் தாளில் வெட்டியது நன்மை செய்யும்; கருந்தாளில் வெட்டியது தீமை. தீய ஆவிகளின் காலில் சில வேளை செருப்போ பூட்ஸோ இருக்கும், நல்லவை வெறுங்கால். வெறுங்காலோடு நடந்த உழவர்கள், செருப்புப் போட்ட ஊர்க்காரர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது அந்தக் கத்தரி வெட்டிலேயே பதிவாகியிருக்கிறது. 1900 வாக்கில் அமெரிக்க மானிடவியலாளர் பிரெடெரிக் ஸ்டார் இந்த மலையூர்களுக்கு வந்து இதை வெளியுலகுக்கு எழுதினார். ஒரு பேரரசின் காகிதத் தொழிலுக்குக் கடைசி வாரிசுகளாக நின்றவர்கள் வைத்தியர்கள்தான். அல்போன்சோ கார்சியா தெயேஸ் என்ற சான் பப்லிட்டோ வைத்தியர், வெட்டிய உருவங்களைத் தாளில் ஒட்டி, சடங்கின் விவரத்தைக் கையால் எழுதி, மடிப்புச் சுவடிகளாகச் செய்தார். அவை இன்று அருங்காட்சியகங்களிலும் நூலகங்களிலும் இருக்கின்றன.

இனி இரண்டாவது மலைக்குப் போகலாம்.

சான் பப்லிட்டோவுக்குத் தெற்கே வெகுதூரத்தில், கெர்ரேரோ மாநிலத்தில், பால்சாஸ் ஆற்றின் மேற்பகுதி. மழை குறைந்த, முள்ளும் பாறையுமான நிலம். அமேயால்டெபெக், ஓவாபான், ஹாலிட்லா முதலிய ஊர்களில் நாவா மக்கள் வாழ்கிறார்கள். மானாவாரிச் சோளம் பொய்த்தாலும் பானை பொய்க்காது என்ற நிலை அவர்களுடையது. வெளிர் களிமண் பூச்சின் மேல் பறவையும் விலங்கும் கொடியும் வரைந்த பானைகளைக் கழுதைமேல் ஏற்றி, பிறகு பேருந்தில் ஏற்றி, டாஸ்கோ, அக்காபுல்கோ, மெக்சிகோ நகரம் என்று சுற்றி விற்றார்கள். பானை கனம். வழியில் உடையும்.

1960களின் தொடக்கத்தில் மெக்சிகோ நகரத்தில் இரண்டு மலைகளும் சந்தித்தன. ஒட்டோமிகள் அப்போது வெறும் தாளைக் கைவினைப் பொருளாக நகரத்துக்குக் கொண்டுவந்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். கைவினைக் கடை நடத்திய மாக்ஸ் கெர்லோ, ஓவியர் பெலிப்பே எரென்பெர்க் போன்றோரின் தூண்டுதலில், அமேயால்டெபெக்கைச் சேர்ந்த ஓவியர்கள் சிலர் பானையில் போட்ட அதே கொடியையும் பறவையையும் இந்தத் தாளில் வரைந்து பார்த்தார்கள். படம் விற்றது. பானையைப்போல உடையவில்லை, நூறு படத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பேருந்து ஏறலாம். செய்தி ஆற்றோர ஊர்களில் பரவியது. சில ஆண்டுகளுக்குள் குடும்பம் குடும்பமாக வரைய உட்கார்ந்துவிட்டார்கள். 1968 ஒலிம்பிக்கை ஒட்டி மெக்சிகோவுக்கு வந்த சுற்றுலாக் கூட்டம் இதைத் தேடி வாங்கியது. சான் பப்லிட்டோவில் தட்டிய தாளில் பெரும்பகுதியை நாவா ஓவியர்களே வாங்கிக்கொள்ளும் காலமும் வந்தது.

படங்களில் இரண்டு பெரிய வகை. பறவையும் பூவும் நிறைந்தவை ஒன்று. சந்தையில் அதிகம் கிடைப்பது அதுதான். மற்றொன்றை அவர்கள் 'இஸ்தோரியா' என்கிறார்கள். ஊரின் வாழ்க்கையே அதில் விரிகிறது. ஒரு மூலையில் உழவர் ஏர் பூட்டுகிறார். அதற்கு மேலே மணப்பெண் ஊர்வலம் போகிறது. ஆற்றில் வலை வீசுகிறார்கள். தேவாலய வாசலில் வாத்தியக்காரர்கள். பக்கத்திலேயே சவப்பெட்டியைச் சுமந்து ஒரு கூட்டம். அடிவானம் என்று ஒன்று கிடையாது. மலை, வீடு, ஆள், கழுதை எல்லாம் தாளின் மேல் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகும். கண் எந்த இடத்தில் நுழைந்தாலும் அங்கிருந்து ஒரு கதை தொடங்கும். கறுப்பு மையில் கோட்டுருவம் போட்டுவிட்டு வண்ணம் நிரப்புவது வழக்கம். வண்ணமே இல்லாமல் மயிரிழைக் கோடுகளால் மட்டும் தீட்டியவையும் உண்டு. அமாத்தே ஓவியத்தின் உச்சம் என்று சொல்லத்தக்கவை அந்த ஒற்றை நிறப் படங்கள். நாரின் பழுப்பே அங்கே வெயிலாகவும் புழுதியாகவும் மாறிவிடுகிறது.

சுற்றுலாப் பொருள்தானே என்று இதை ஒதுக்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது 1990இல் நடந்ததை. பால்சாஸ் ஆற்றின் குறுக்கே சான் ஹுவான் டெடெல்சிங்கோ என்ற இடத்தில் பெரிய நீர்மின் அணை கட்ட அரசு மின்வாரியம் திட்டம் போட்டிருந்தது தெரியவந்தது. அணை எழுந்தால் ஓவியர்களின் ஊர்கள் நீருக்குள் போகும். நாவா ஊர்கள் ஒன்றாகச் சேர்ந்து பேரவை அமைத்தன, நெடுஞ்சாலையை மறித்தன, தலைநகருக்கு ஊர்வலம் போயின. கூடவே படமும் வரைந்தார்கள். பறவை இருந்த இடத்தில் அணையும் ஊர்வலமும் மூழ்கப்போகிற தேவாலயமும் வந்தன. அந்தப் படங்கள் அவர்களின் வழக்கை ஊர் ஊராக எடுத்துச் சென்றன. 1992இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

காகிதத்துக்கு இது புதிய வேலையும் அல்ல. 1531இல் ஹுயேஹோட்சிங்கோ ஊர் மக்கள், ஸ்பானிய நிர்வாகிகள் தங்களிடம் அளவுக்கு மீறிப் பிடுங்கிய கப்பத்தைப் படம் படமாகக் கணக்கு வரைந்து வழக்கு மன்றத்தில் வைத்தார்கள். அந்த எட்டுத் தாள்களும் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவையும் பட்டைக் காகிதமே.

அமேயால்டெபெக்கில் பிறந்த நிக்கோலாஸ் தெ ஹெசுஸ் இந்த மரபை இன்னொரு திசையில் கொண்டுபோனவர். அமாத்தேயின் மேல் உலோகத் தகட்டு அச்சு முறையில் படம் எடுக்கிறார். அவருடைய படங்களில் எலும்புக்கூடுகள் சிகாகோ ரயிலில் போகும். எல்லை தாண்டிப் பிழைக்கப் போனவர்களின் பாடு தெரியும். அவரே அந்த நகரத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர்.

மெக்சிகோவில் சுவருக்கும் தெருவுக்கும் வந்த மற்ற கலைகளையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சான் பப்லிட்டோவுக்கு அருகே, இதால்கோ மாநிலத்தின் டெனாங்கோ ஊர்களில், இன்னொரு ஒட்டோமிக் கூட்டம் வெள்ளைத் துணியில் பல வண்ண விலங்குகளைப் பூத்தையலாகத் தைக்கிறது. அந்தத் தொழிலும் 1960களில்தான் சந்தைக்கு வந்தது. அதற்குப் பின்னாலும் விளைச்சல் பொய்த்த வறட்சிதான். விழாக்களில் தெருவுக்குக் குறுக்கே கட்டும் துளை வெட்டுத் தோரணங்களுக்குப் புயேப்லாவின் ஹுயிக்ஸ்கொலோட்லா பேர்போனது. மேற்கு மலைகளின் விக்சாரிகா மக்கள் பலகையில் தேன்மெழுகு பூசி, வண்ண நூலை விரலால் அழுத்தி அழுத்தித் தங்கள் தரிசனங்களைப் படமாக்குகிறார்கள். ஒவ்வொன்றும் தனிக்கட்டுரைக்கு உரியது.

சந்தை அமாத்தேயைக் காப்பாற்றியது. அது கொண்டுவந்த சிக்கலும் சிறியதல்ல. தாளுக்குத் தேவை பெருகப் பெருக, ஊரைச் சுற்றியிருந்த அத்தி மரங்கள் பட்டை உரிந்து நின்றன. பட்டையைச் சுற்றிலும் முழுதாக உரித்தால் மரம் சாகும். அப்படித்தான் ஹொனோட்டே உள்ளே வந்தது. காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் மரம். வெட்டிய இடத்தில் விரைவில் மீண்டும் வளரும். பக்கத்து ஊர்க்காரர்கள் பட்டையை உரித்துக் கொண்டுவந்து சான் பப்லிட்டோவில் விற்கிறார்கள். ஆனால் ஹொனோட்டேயின் நார் முரடு. சாம்பலில் சீக்கிரம் இளகாது. அதனால் காஸ்டிக் சோடா வந்தது. வெளுக்கக் குளோரின் வந்தது. அண்டாவைக் கிளறும் பெண்ணின் கைக்கும் அந்த நீர் போய்ச் சேரும் ஓடைக்கும் அதன் விலை தெரியும். சாம்பல் முறைக்குத் திரும்பலாமா, சோடாவின் அளவைக் குறைக்கலாமா என்று ஆய்வாளர்களும் கைவினைஞர்களும் சேர்ந்து முயன்று வருகிறார்கள். தாளுக்குக் கிடைக்கும் விலை உயராமல் இது நடக்காது. ஒரு தாளைத் தட்டுகிறவருக்குக் கிடைப்பது, படமாகிச் சட்டமேறும்போது சொல்லும் விலையில் மிகச் சிறு பங்கு. பலர் பிழைப்புக்காக அமெரிக்காவின் வட கரோலினாவுக்குப் போய்விட்டார்கள்.

ஊரில் இருக்கிறவர்கள் புதுப்புது வடிவம் தேடுகிறார்கள். பெரிய பிளைவுட் பலகையில் ஆளுயரத்துக்கு மேல் நீளும் தாள் தட்டுகிறார்கள். கட்டடக் கலைஞர்கள் அதை அறையின் சுவருக்கும் விளக்குக் கூண்டுக்கும் வாங்குகிறார்கள். நாரை மூடவிடாமல், வேண்டுமென்றே துளை விட்டு, சரிகை வேலைபோல வட்டமும் சுருளுமாகத் தட்டும் தாள்களும் வருகின்றன. அவற்றில் படமே தேவைப்படுவதில்லை.

அமாத்தே ஓவியத்தை வீட்டில் மாட்ட நினைக்கிறவருக்குச் சில விஷயங்கள். கோடுகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். கையால் இழுத்த கோடு நாரின் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும்போது தடிப்பு மாறும், அச்சிட்டது மாறாது. பிசிறு ஓரத்தை வெட்டச் சொல்லாதீர்கள். சட்டம் போடுகிறவரிடம் தாள் முழுதும் தெரியும்படி, ஓரம் மறையாமல் வைக்கச் சொல்லுங்கள். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். ஒளிரும் வகை வண்ணங்கள் முதலில் வெளிறும். மழைக்காலத்தில் கசியும் சுவரும் வேண்டாம். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே சிறிது இடைவெளி இருந்தால் பூஞ்சைக்கு இடம் குறையும். மடிக்காமல் சுருட்டிக் கொண்டுவரலாம். வாங்கும்போது வரைந்தவர் பெயரைக் கேளுங்கள். இப்போது பலர் கையெழுத்திடுகிறார்கள். தாள் எந்த மரத்தின் பட்டை என்றும் கேட்கலாம். சான் பப்லிட்டோவில் நேரடியாக வாங்கினால், தட்டியவரே ஹொனோட்டேயா, மொராலா, ஹலாமாவா என்று சொல்லிவிடுவார்.